விடுதலை என்று நினைத்தோம்



சென்ற தவணையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. சபைகூடல் முடிந்து வகுப்பறைக்குள் நுழைந்தபோது, மாணவர்கள் என் மேசையைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தனர். மேசையின்மேல் ஒரு வாளி. அதனுள் என் உள்ளங்கையைவிடப் பெரியதொரு மீன். அதைக் கொண்டுவந்தவள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

“வீடு மாறப் போறோம், டீச்சர். புது பிளாட்டுல தொட்டி வைக்க இடம் இல்லையாம். சாயங்காலம் அப்பா ஏரியில விடப் போறாரு. அதுக்கு முன்னால எல்லாரும் பார்க்கட்டும்னு கொண்டாந்தேன்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாவம் டீச்சர், இவ்வளவு நாளா கண்ணாடிக்குள்ளயே இருந்துச்சு. இனிமே அதுக்கு விடுதலை” என்றாள்.

அவளுடைய இரக்கத்தைக் கண்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். பிற உயிர்களிடத்தில் அன்பு காட்டுக என்று நன்னெறிப் பாடத்தில் கற்பித்தவள் நான்தானே! ஆனால், எனக்கோ 2003ஆம் ஆண்டின் இரண்டு வாளிகள் நினைவுக்கு வந்தன.

உடனே எதுவும் சொல்ல மனம் வரவில்லை. “முதலில் இது என்ன மீன் என்று கண்டுபிடிப்போம்” என்றேன். திலாப்பியா என்றான் ஒருவன். கிளிமீன் என்றாள் வேறொருத்தி. இருவர் கூற்றும் முழுத் தவறன்று. திலாப்பியா, கிளிமீன், வாளியில் இருந்த மீன் ஆகிய மூன்றும் சிக்லிட் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உருப்பெருக்குக் கண்ணாடியைக் கொடுத்து, மீனின் நாசித் துளைகளை எண்ணச் சொன்னேன். பெரும்பாலான மீன்களுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு துளைகள் இருக்கும். சிக்லிட்டுகளுக்கு ஒன்றுதான். உடலின் பக்கவாட்டில் செல்லும் உணர்கோடும் பெரும்பாலும் ஓரிடத்தில் அறுபட்டு, சற்றுக் கீழிறங்கி மீண்டும் தொடரும். இவ்விரண்டையும் பிள்ளைகள் தாங்களே கண்டறிந்தனர். நெற்றியில் புடைப்பு, விலாவில் வரிசையாகக் கரும்புள்ளிகள், மார்பில் படர்ந்த செந்நிறம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது ஐயம் நீங்கியது. அது லோஹான்.

லோஹான் என்பது சீனச் சொல். ஞானம் பெற்ற பௌத்தத் துறவியைக் குறிப்பது. ‘அர்ஹத்’ என்னும் வடசொல்லே சீன மொழியில் அவ்வாறு உருமாறியது. தமிழில் நாம் வழங்கும் ‘அருகன்’ என்னும் சொல்லும் அதனோடு உறவுடையதே. ஆயினும், துறவியின் பெயரைத் தாங்கிய இம்மீன் குணத்தால் துறவியன்று. தன் எல்லைக்குள் நுழையும் எதையும் கடித்து விரட்டும்.

இது இயற்கையில் தோன்றிய இனமும் அன்று. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த பல சிக்லிட்டுகளைக் கலந்து, 1990களில் நம் நாட்டிலும் தைவானிலும் மீன் வளர்ப்போர் உருவாக்கிய கலப்பினம். அதற்குத் தாய்வீடு என்று சொல்ல உலகில் ஓர் ஆறுகூடக் கிடையாது. மலேசிய ஆறுகளுக்கே உரிய சிக்லிட் என்று ஒன்றும் இல்லை. தெற்காசியாவின் மண்ணுக்குரிய சிக்லிட்டுகள் மூன்றே. அவை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்பவை. கேரள அரசு 2010இல் மாநில மீனாக அறிவித்த கரிமீன் அவற்றுள் ஒன்று. நம் குட்டைகளில் நிறைந்திருக்கும் திலாப்பியாவோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது.

இனி, அந்த இரண்டு வாளிகளின் கதைக்கு வருகிறேன்.

2000களின் தொடக்கத்தில் லோஹான் மோகம் இந்நாட்டைப் பிடித்து ஆட்டியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெற்றி பெருத்த மீன் வீட்டிற்கு அதிர்ஷ்டம் தரும் என்றார்கள். விலாவின் புள்ளிகளில் சீன எழுத்துகளைத் தேடினார்கள். எண்களைக் கண்டவர்கள் நான்கு எண் குலுக்கில் பணம் கட்டினார்கள். நல்ல மீன் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு விலைபோனது. அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். வார இறுதிகளில் பிரிக்பீல்ட்ஸில் இருந்த தாய்மாமா வீட்டில் தங்குவேன். மாமாவும் அந்த மோகத்திற்குத் தப்பவில்லை. வரவேற்பறையில் நாலடித் தொட்டி ஒன்று வந்து அமர்ந்தது.

மாமா அதைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார் என்பதை மறுக்க முடியாது. நிறம் கூடுவதற்கென்று விற்கப்பட்ட தீவன உருண்டைகளை நாளுக்கு இருமுறை கொடுப்பார். இடையிடையே உரித்த இறால். மீதியைத் தொட்டியில் விடமாட்டார். வாரந்தோறும் நீரில் மூன்றில் ஒரு பங்கை இறைத்து, குளோரின் நீக்கிய நீரை ஊற்றுவார். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நீரில் சேர்ந்தால், எவ்வளவு விலையுயர்ந்த தீவனமும் அதைக் காப்பாற்றாது என்பது அவரிடம் நான் கற்ற பாடம்.

அடுத்து, இனப்பெருக்கத்தில் இறங்கினார். ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டால், ஆண் பெண்ணைக் கடித்தே கொன்றுவிடக்கூடும். ஆகவே தொட்டியின் நடுவே துளையிட்ட தடுப்பு வைத்து, முட்டையிடும் வேளையில் மட்டும் அதை எடுப்பார். பெண் தரை ஓட்டின்மீது நூற்றுக்கணக்கில் முட்டையிட்டது. கலப்பின ஆண்களில் பல மலடாக இருக்கும். முதல் மூன்று முறையும் முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன. வேறோர் ஆணை வாங்கிய பிறகு முட்டைகள் மூன்று நாளில் பொரித்தன. மேலும் ஐந்தாறு நாளில் குஞ்சுகள் புகைபோல் எழுந்து நீந்தின. ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறாலைப் பொரிக்கவைத்து, நாளுக்கு நான்கைந்து முறை ஊட்டினோம். அன்று எங்கள் வீட்டில் திருவிழாதான்.

குஞ்சுகள் வளர வளரத்தான் உண்மை தெரிந்தது. நெற்றி புடைத்து, புள்ளி தெளிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே. எஞ்சியவற்றைக் கடைக்காரர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குள் சந்தையில் மீன்கள் பெருகி விலையும் சரிந்தது. பெட்டி பெட்டியாகக் குஞ்சுகள். அவை ஒன்றையொன்று கடித்துக் குதறின.

“கொல்ல மனசு வரலம்மா. குட்டையில விட்டுட்டா எப்படியாச்சும் பிழைச்சுக்கும். நமக்கும் புண்ணியம்” என்றார் மாமா.

பூச்சோங் பக்கம் ஓர் ஈயக்குட்டைக்குப் போனோம். இரண்டு வாளிகளையும் நான்தான் சரித்தேன். மீன்கள் ஒரு கணம் கரையோரம் தயங்கி நின்று, பின்னர் மறைந்தன. திரும்பும் வழியில் கோயிலுக்குச் சென்று வந்தது போன்ற மனநிறைவு.

பனாமா நாட்டின் காத்தூன் ஏரியைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். 1967 வாக்கில், தென்னமெரிக்கச் சிக்லிட் ஒன்று வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பி அங்குள்ள நீர்நிலைகளில் கலந்தது. நம் நாட்டுத் தூண்டில்காரர்களும் நன்கறிந்த ‘பீகாக் பாஸ்’ என்னும் மீன்தான் அது. சில ஆண்டுகளிலேயே ஏரியின் சிறுமீன்களில் பல இனங்கள் ஏறக்குறைய இல்லாமற் போயின. அவற்றை உண்டு வாழ்ந்த நீர்ப்பறவைகளும் குறைந்தன. கொசுப்புழுக்களைத் தின்னும் சிறுமீன்கள் மறைந்தால் கொசு பெருகுமே என்ற கவலையையும் 1973இல் அதை ஆராய்ந்தவர்கள் எழுப்பினர். டிங்கியோடு போராடும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வாளிகளில் இருந்தது வேறு மீன்தான். ஆயினும், அதுவும் பெருவாய்ச் சிக்லிட்தானே! விராலும் செபாட்டும் முட்டையிடும் கரையோரத்தில் அவற்றைக் கொட்டிய கை என்னுடையது.

இவ்வளவையும் வகுப்பில் சொன்னேன். மாணவர் முன் ஆசிரியர் தம் தவற்றைச் சொல்வது எளிதன்று. அறை அமைதியாக இருந்தது. அந்த மாணவி கேட்டாள்: “அப்படின்னா, நீங்க விட்ட மீனோட பிள்ளைங்க இன்னும் அங்க இருக்குமா, டீச்சர்?”

“இருக்கலாம்மா” என்றேன். “என்னால் அவற்றைத் திரும்ப அள்ள முடியாது.”

சிறிது நேரம் கழித்து, “நாங்க விடல, டீச்சர்” என்றாள்.

மதியம் அவள் தந்தையை அழைத்துப் பேசினேன். அவர் சினக்கவில்லை, மகள் அழக்கூடாதே என்றுதான் ஏரியை நினைத்ததாகச் சொன்னார். மீன் கடைகள் இரண்டில் கேட்டோம், வேண்டாம் என்றனர். அதுவரை மீன் எங்கள் அறிவியல் அறையில், காற்றுக் குழாய் பொருத்திய பெரிய தொட்டி ஒன்றில் இருந்தது. நான்காம் நாள், கிள்ளானில் வசிக்கும் பெற்றோர் ஒருவர், தம் வீட்டு நாலடித் தொட்டி காலியாக இருப்பதாகக் கூறி எடுத்துச் சென்றார்.

பெற்றோர்களே, பிள்ளை மீன் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். பொறுப்பைக் கற்க அது நல்ல வழி. ஆனால், வாங்குமுன் அது எவ்வளவு வளரும், எத்தனை ஆண்டு வாழும் என்று பிள்ளையோடு சேர்ந்து கேளுங்கள். கடையில் விரல் நீளம் இருக்கும் லோஹான் ஓரடி வரை வளரும், பத்தாண்டு வாழக்கூடும். குஞ்சுகளுக்கு இடம் உறுதியாகாமல் இணை சேர்க்காதீர்கள். வளர்க்க இயலாத நிலை வந்தால் கடையையோ, நண்பரையோ, பள்ளியையோ கேளுங்கள். எவரும் ஏற்காவிட்டால், விலங்கு மருத்துவரிடம் கேட்டு வலியின்றி அதன் உயிரை முடிப்பதுகூட, ஆற்றில் விடுவதைக் காட்டிலும் குறைந்த பாவமே. எழுதக் கசக்கிறது, எனினும் எழுதத்தான் வேண்டும்.

நன்னெறிப் பாடத்தில் அன்பைப் பற்றி இன்றும் கற்பிக்கிறேன். இப்போது அந்த இரண்டு வாளிகளையும் சேர்த்தே சொல்கிறேன். சென்ற வாரம் அந்த மாணவி ஓடிவந்து, “மீன் புது வீட்டுல நல்லா சாப்பிடுதாம், டீச்சர்!” என்றாள். எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.