நாலு விநாடி

காலையில் கவுன்சலிங், மாலையில் ஆராய்ச்சி. இதுதான் என் பிழைப்பு. 'ரெண்டுக்கும் காதுதானே மூலதனம்... நோகாத வேலை!' என்று கிண்டல் செய்வார் எதிர்வீட்டு மாமா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்த அம்மாவைச் சந்திக்கும் வரை.

மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றிய ஆய்வு அது. சதவிகிதக் கணக்கெல்லாம் கிடையாது. கொஞ்சம் பேரிடம் நிறைய நேரம் பேச வேண்டும். அனுமதி கேட்டுப் பதிவு செய்து, வரிக்கு வரி எழுதி, திரும்பத் திரும்பப் படித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். பண்புசார் ஆய்வு என்று பெயர்.

அந்த அம்மாவின் கணவருக்கு, மனைவியின் முகமே மறந்துபோயிருந்தது. ஆனாலும், ஒரு மணி நேரம் சிரித்த முகமாகப் பேசினார். காபி கொடுத்தார். கிளம்பி வந்துவிட்டேன்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எனக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். அன்று ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எல்லாம் பழகிடுச்சும்மா... ஆனா, சில நேரம்..."

நிறுத்துகிறார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது. நாலு விநாடி. உடனே என் குரல்: "சரி, மருந்துச் செலவுக்கு என்ன பண்றீங்க?"

தூக்கிவாரிப் போட்டது. என் கவுன்சலிங் அறையில் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை என்று சத்தியமே செய்திருப்பேன். ஆனால், அங்கேதான் ரிகார்டர் இல்லையே!

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், 1942-ல் வெளியிட்ட புத்தகத்தில், ஒருவருடன் நடந்த எட்டு கவுன்சலிங் சந்திப்புகளையும் பதிவு செய்தபடியே முழுசாக அச்சிட்டார். ஆலோசகர் சறுக்கிய இடங்களையும் மறைக்காமல் சுட்டிக்காட்டினார். கல்லூரியில் அது எனக்குப் பரீட்சைக்கான ஒரு வருஷம், ஒரு பெயர். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுவாரம் திரும்பப் போனேன். "அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தீங்கம்மா. நான்தான் குறுக்கே பேசிட்டேன். சொல்லணும்னு தோணினா மட்டும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அந்த மெஷினை அணைச்சுடும்மா" என்றார்.

அணைத்தேன். சொன்னார்.

அது என் ஆய்விலும் இல்லை, இங்கேயும் இல்லை. இந்த அளவுக்குக்கூட அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆய்வுக்குப் பேசியவருக்கு நானே கவுன்சலிங் கொடுப்பது முறையில்லை. அதனால், நம்பிக்கையான வேறொருவரின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். போனாராம்.

இப்போதெல்லாம் என் அறையில் யாராவது பேச்சைப் பாதியில் நிறுத்தினால், மனசுக்குள் எண்ண ஆரம்பிக்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து வருவதற்குள் பெரும்பாலும் அவர்களே தொடர்ந்துவிடுகிறார்கள்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டிலும் யாராவது, 'ஒண்ணுமில்லப்பா... சும்மாதான்' என்று நிறுத்தலாம். உடனே செல்போனைக் கையில் எடுத்துவிடாதீர்கள்.

அஞ்சாவது விநாடிக்காகக் காத்திருங்கள், ப்ளீஸ்!