ரீஸ்டார்ட்டுக்கு முன்னால்

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும். லோடு ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கும். "சார், பில் போக மாட்டேங்குது. நாலு வாட்டி ரீஸ்டார்ட் பண்ணிட்டோம் சார்." 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டியவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமாகிவிட்டது. முன்பு கையால் பில் எழுதிச் சமாளித்த ஜாப் ஒர்க் பட்டறைக்குக்கூட இன்று சர்வர் படுத்தால் வண்டி நகராது. அந்த அவசரத்தில் கை நேராக ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகிறது.

அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் டேட்டாபேஸ் பழுது பார்க்கும் என் வேலையில் பாதி.

எஸ்க்யூஎல் சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் புதிய எரர் லாக் தொடங்குகிறது. பழையவற்றில் ஆறை மட்டும் வைத்துக்கொள்ளும்; யாரும் மாற்றாதவரை அதுதான் கணக்கு. ஏழாவது ரீஸ்டார்ட்டில், முதலில் என்ன நடந்தது என்று சொன்ன லாக் அழிந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லில் கடைசி டெட்லாக்கின் விவரம் நினைவகத்தில்தான் இருக்கிறது, நிறுத்தினால் போயிற்று. இன்னொன்று: பெரிய அப்டேட் ஒன்று பாதியில் இருக்கும்போது நிறுத்தினால், எழுந்ததும் அது செய்ததையெல்லாம் திருப்பி எடுக்க வேண்டும். 'இன் ரெக்கவரி' என்று காட்டிக்கொண்டு நிற்கும். பயந்து மறுபடி நிறுத்துவார்கள். காத்திருப்பு இன்னும் நீளும்.

எரர் லாக்கைத் திறந்தால் 1105 என்று இருக்கும்: டேட்டாபேஸில் இடம் இல்லை. இந்தப் பக்கம் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். சின்னக் கம்பெனிகளில் ஓடுவது எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. 2022 பதிப்புவரை அதில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான். டிஸ்கில் எவ்வளவு இடம் இருந்தாலும் அதற்கு மேல் வளராது. எதனால் நிறைந்தது என்று டேபிள் வாரியாகப் பார்த்தால், விற்பனைக் கணக்கு கொஞ்சமாகவே இருக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப், இ-இன்வாய்ஸ் தளம் அனுப்பிய பதில்கள், யார் எப்போது லாகின் செய்தார் என்ற பட்டியல், இவைதான் இடத்தைப் பிடித்திருக்கும். வரம்பு ஒரு டேட்டாபேஸுக்குத்தான், சர்வருக்கு அல்ல. அந்த டேபிள்களை வேறு டேட்டாபேஸுக்கு நகர்த்தினால் போதும், அன்றிரவே வண்டி கிளம்பும். 9002 வந்தால் கதை வேறு. டிரான்ஸாக்‌ஷன் லாக் நிறைந்திருக்கிறது. ஃபுல் ரெக்கவரியில் வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமலே விட்டிருப்பார்கள்.

1205: எஸ்க்யூஎல் சர்வரில் டெட்லாக். மைஎஸ்க்யூஎல்லில் அதே எண், பூட்டுக்குக் காத்திருந்து நேரம் கடந்தது. அங்கே டெட்லாக் 1213. எந்த சர்வர் என்று கேட்காமல் போனில் பதில் சொல்லக் கூடாது.

கரண்ட். 2012-ல் சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் வெட்டு. புறநகரில் அதைவிட அதிகம். அப்போது வாங்கிய யுபிஎஸ் இன்னும் பல இடங்களில் மேசைக்கடியில் இருக்கிறது, பேட்டரி செத்து. டேட்டாபேஸ் எதையும் முதலில் டிரான்ஸாக்‌ஷன் லாக்கில் எழுதி, பிறகுதான் டேட்டா ஃபைலில் எழுதுகிறது. அதனால் திடீரென்று மின்சாரம் போனாலும் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை: 'எழுதிவிட்டேன்' என்று டிஸ்க் சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். மலிவான டிஸ்குகள் கேஷில் வைத்துக்கொண்டே அப்படிச் சொல்லிவிடுகின்றன. யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் போக வேண்டும். பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணைய அதுதான் வழி. அந்தக் கேபிள் பெரும்பாலும் பிரிக்கப்படாத கவரிலேயே கிடக்கிறது.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு சம்பளப் பட்டியல். தொழிலாளர் பெயரெல்லாம் ???? என்று வந்தது. கட்டம் கட்டமாக வந்திருந்தால் எழுத்துருக் கோளாறு, தரவு பத்திரம். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டிருந்தால் பெயர் போய்விட்டது, மறுபடி தட்டச்சுதான். எஸ்க்யூஎல் சர்வரில் வழக்கமான வார்சார் புலத்தில் தமிழைப் போட்டால் இதுதான் நடக்கும், என்வார்சார் வேண்டும். ஆரக்கிளில் 30 என்று அளவு கொடுத்தால் வழக்கமாக அது 30 பைட். யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். கோவிந்தராஜன் என்று எழுத 36 வேண்டும். ஒரு மனிதரின் பெயர் முழுதாக நிற்காத பட்டியலை யாரிடமும் ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

பேக்கப். எக்ஸ்பிரஸில் தானாக வேலை நடத்தும் ஏஜென்ட் கிடையாது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டிருப்பார்கள். யாரோ பாஸ்வேர்டை மாற்றுவார்கள். அன்றோடு பேக்கப் நின்றுவிடும், சத்தமில்லாமல். 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்திலும் இப்படித்தான். தவறான சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டு பேக்கப்பைத் தேடினால், போஸ்ட்கிரெஸ் பதிப்பு பொருந்தாமல் அது ஓடியிருக்கவே இல்லை. எச்சரிக்கை மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை எஸ்டேட்டுக்குள் புகுந்தபோது, தரையில் வைத்த சர்வரோடு, அதன் மேலேயே வைத்திருந்த பேக்கப் ஹார்ட் டிஸ்கும் நனைந்த இடங்கள் உண்டு. ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு மெஷின் நிற்கும் நாளில், பொட்டு வைப்பதற்கு முன் பேக்கப்பை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்யச் சொல்கிறேன். 'சக்ஸஸ்' என்று வந்தால் அங்கே நிறுத்த வேண்டாம். கடைசி இன்வாய்ஸ் எண், முந்தின மாத விற்பனைக் கூட்டுத்தொகை, ஸ்டோரில் ஒரு பொருளின் இருப்பு, மூன்றையும் அக்கவுண்ட்ஸ் அம்மாவிடம் காட்டி, அவர் நோட்டோடு ஒப்பிட வேண்டும்.