நெல்லிக்குப்பத்தில் நின்ற வண்டி

கடலூரிலிருந்து பண்ணுருட்டிக்குச் செல்லும் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் சென்றால் நெல்லிக்குப்பம் வரும். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். இவ்விரு ஆறுகளுக்கும் நடுவே கரும்பும் நெல்லும் வெற்றிலைக் கொடியும் செழிக்கும் பூமி. ஊருக்குள் நுழையுமுன்பே கரும்புப் பாகின் மணம் நம்மை எதிர்கொண்டு அழைக்கும். 1842-இல் பாரி கம்பெனியார் இங்கே சர்க்கரை ஆலை அமைத்தனர். அன்று முதல் இவ்வூரின் வாழ்வும் கரும்பும் பிரிக்க முடியாதவை. அறவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் சாலையில் அணிவகுத்து நிற்கும்.

இவ்வூரைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறேனே தவிர, இறங்கிப் பார்த்தவனல்லன். சென்ற மார்ச் மாதம் எங்கள் பழைய காரே என்னை அங்கே இறக்கிவிட்டது.

என் தகப்பனார் வாங்கிய வண்டி அது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டது. ஆறு மாதமாக அதற்கு ஒரு விநோத நோய். ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றுவிடும். அரை மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். மூன்று பட்டறைகளுக்குக் கொண்டு சென்றேன். அங்கே போய்ச் சேரும்போது வண்டி நலமாகவே இருக்கும். ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். மற்றொருவர் பெட்ரோல் பம்பை மாற்றினார். மூன்றாமவர் புது பாட்டரி வைத்தார். பணம் போயிற்று, நோய் போகவில்லை.

அன்று என் தாயாரைப் பண்ணுருட்டிக்கு அழைத்துச் சென்றேன். அங்கே என் பெரியம்மா படுக்கையில் இருந்தார். அக்காளும் தங்கையும் சந்தித்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வரக்கால்பட்டு அருகே வண்டி ஒருமுறை நின்று, பிறகு கிளம்பிற்று. நெல்லிக்குப்பத்தில் மறுபடியும் நின்றது. பின்னால் வந்த கரும்பு லாரி, இரண்டு முழ இடைவெளியில் பிரேக் போட்டு நின்றது. சில நொடிகள் ஒருவரும் பேசவில்லை. அம்மாவின் கைகள் நடுங்கின.

“தலை சுற்றுகிறதா அம்மா?” என்றேன்.

“அது அவ்வப்போது வரும், போய்விடும். வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அக்காவை இன்றைக்கே பார்க்க வேண்டும்” என்றார். என் மனைவி அவரைப் பேருந்தில் அழைத்துச் சென்றாள். நான் வண்டியைச் சாலையோரப் பட்டறை ஒன்றுக்குத் தள்ளிச் சென்றேன்.

அங்கிருந்த முதிய மேஸ்திரி எடுத்தவுடன் ஸ்பானரைத் தொடவில்லை. “நிற்குமுன் திக்கித் திணறியதா, அல்லது சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரேயடியாக நின்றதா?” என்று கேட்டார்.

“ஒரேயடியாகத்தான் நின்றது.”

“காலைக் குளிர்ச்சியில் எப்போதாவது நின்றதுண்டா?”

“இல்லை. நெடுநேரம் ஓடிச் சூடேறிய பிறகுதான்.”

“நல்லவேளை, நோய் இருக்கும்போதே வந்தீர்கள் ஐயா. கிளம்பிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்” என்று சொல்லி வேலையைத் தொடங்கினார்.

பெட்ரோல் கிடைக்காத எஞ்சின் பெரும்பாலும் திக்கித் திணறி அடங்கும். மின்பொறி அறுந்தால் பட்டென்று நிற்கும். ஆகவே முதலில் பொறியைச் சோதித்தார். உதிரி பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, எஞ்சின் இரும்பின்மேல் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் செய்தார். பொறி வரவில்லை. பிறகு சிறு பல்பினால் இக்னீஷன் காயிலைச் சோதித்தார். பாட்டரியின் மின்சாரம் காயிலுக்கு வந்துகொண்டிருந்தது. பாயிண்டும் ஒழுங்காகத் திறந்து மூடிற்று. காயிலோ கை வைக்க முடியாதபடி கொதித்தது. அதன்மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றினார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது!

பாட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்புவது காயிலின் வேலை. உள்ளே மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுருள். வயதான காயிலில், சூடு ஏறும்போது கம்பி விரிந்து தொடர்பு அறும், அல்லது காப்புப் பூச்சு பழுதாகி மின்சாரம் குறுக்கே பாயும். ஆறியதும் மறுபடி வேலை செய்யும். பட்டறையிலிருந்த வேறொரு காயிலைப் பொருத்தி, முக்கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். நிற்கவே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை அணைக்காமல் விட்டால் காயில் வீணே சூடேறும் என்றும் எச்சரித்தார்.

“பொறி வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” என்றேன்.

“பெட்ரோல் வழியைப் பார்த்திருப்பேன். தொட்டியின் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. கோடையில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை மறிப்பதும் உண்டு” என்றார். அத்துடன் ரப்பர் குழாய்களையும் மாற்றச் சொன்னார். 2025-இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. அந்த எத்தனாலில் ஒரு பங்கு கரும்பிலிருந்து வருவது என்பதை நெல்லிக்குப்பத்தில் நின்று கேட்டபோது சிரிப்பு வந்தது.

மாலையில் பண்ணுருட்டி சேர்ந்தேன். அக்காளின் கையைப் பிடித்தபடி அம்மா கட்டிலில் அமர்ந்திருந்தார். பெரியம்மா என்னை அருகே அழைத்து, “உன் அம்மாவுக்கு இங்கே வந்ததும் கண் இருட்டிவிட்டதடா. உங்களிடமெல்லாம் மறைக்கிறாள்” என்றார்.

“டாக்டரிடம் போகும்போதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறேன்?” என்றார் அம்மா.

மேஸ்திரியின் சொல் என் காதில் மீண்டும் ஒலித்தது. அம்மாவுக்கு மயக்கம் எந்த வேளையில் வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அப்போது நாடி எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தோம். அதைப் பார்த்த மருத்துவர், 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்தினார். இரவில் துடிப்பு இடையிடையே தயங்கி நின்றது அதில் தெரிந்தது. சிகிச்சை தொடங்கிவிட்டது.

வந்து போகும் நோயைப் போய்விட்டது என்று எண்ணிவிடுகிறோம். அது வரும் வேளையில் அருகிருந்து பார்ப்பவரே அதனை அறிவார். இப்போது நெல்லிக்குப்பம் வழியாகச் செல்லும்போதெல்லாம் அந்தப் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துகிறேன். அது தானாக நிற்பதில்லை.