உடனிருப்பவர்

மருத்துவச் செலவு குறைந்திருக்கிறது என்கிறது அரசு. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22இல் அது 39.4 விழுக்காடு. நல்ல செய்திதான். ஆனால் நோயாளிக்குத் துணையாக இருப்பவர் இழந்த கூலியும், வீட்டில் அவர் பார்க்கும் பணிவிடையும் இந்தக் கணக்கில் வராது. அந்தத் துணை பெரும்பாலும் ஒரு பெண்.

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைதான் அதற்குப் பணம் கட்டுகிறது. அந்த அட்டை இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் விற்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அம்மாவைப் பேருந்தில் ஏற்றி, இறக்கி, நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர் அண்ணி. அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொடுத்துக் கொண்டிருந்தார். இப்போது தையல் மெஷின் மேல் துணி மடித்துக் கிடக்கிறது. எனக்குக் கல்லூரியில் விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. அண்ணிக்கு அந்தச் சொல்லே கிடையாது.

மருத்துவமனைப் படிவத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: உடனிருப்பவர். நோயாளி, மருத்துவர், செவிலியர் எல்லோருக்கும் அந்தக் கட்டடத்தில் ஓர் இடம் இருக்கிறது. உடனிருப்பவருக்குக் கட்டிலின் அடியிலோ வராந்தாவிலோ ஒரு பாய். மாதக்கணக்காக அதிக உதிரப்போக்கு இருந்தும் அண்ணி ஸ்கேனுக்குப் போகவில்லை. “அத்தை கொஞ்சம் தேறட்டும்மா, பாத்துக்கலாம்” என்கிறார். காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிக்குத்தான். ஆக, படுக்கையில் விழும்வரை அண்ணி அரசின் கண்ணில் படமாட்டார்.

அரசால் விலையைக் குறைக்க முடியாது என்பதில்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குத் தருகிறது. மருந்துச் சீட்டோடு கடைக்கு ஓடும் வேலை அதனால் எத்தனையோ வீடுகளில் குறைந்தது. 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவருகிறது. வரிசையில் கரையும் அரை நாள் மிச்சம். ஆனால் மாத்திரையோடு வாசலுக்கு வருகிறவரும் பெண்தான். அவருக்கு அரசு வைத்திருக்கும் பெயர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை.

வீட்டில் செய்தால் பாசம், வெளியில் செய்தால் தன்னார்வம். இரண்டுக்கும் கூலி என்ற சொல் மட்டும் வாய்ப்பதில்லை. டயாலிசிஸுக்கு இத்தனை ரூபாய் என்று எழுதும் காப்பீட்டுப் பட்டியலில், உடனிருப்பவரின் நாட்கூலிக்கும் ஒரு வரி வேண்டும். அவரையும் அதே நாளில் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். அதுவரை 39.4 என்ற எண்ணில் என் அண்ணி இல்லை.