மூணாற்றுக் கணப்பு

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்குக் குளிர் என்பது மார்கழி விடியலில் சிறிது நேரம் வந்து போகும் விருந்தாளி. இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மாசித் திங்களில் ஆற்றுகால் பொங்கலன்று நகரத் தெருக்களெங்கும் செங்கல் அடுப்புகள் எரிகின்றன. ஆயினும் அத்தீ பானைக்கு உரியது. மனிதர் குளிர்காய வீட்டினுள் தீ வளர்ப்பதைக் காண வேண்டுமாயின், இதே மாநிலத்தின் மூணாற்றுக்குச் செல்ல வேண்டும்.

கொட்டாரக்கரை, கோட்டயம், மூவாற்றுப்புழை, கோதமங்கலம் ஆகிய ஊர்களைக் கடந்து, 1935ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நேரியமங்கலம் பாலத்தின் வழியே பெரியாற்றைத் தாண்டினால் மலைப்பாதை தொடங்குகிறது. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அருகே 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது ஆனைமுடி. தை மாதத்தில் மேகமற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழந்துவிடும். கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். ஆதலால் மேட்டைவிடப் பள்ளத்தில் குளிர் மிகுதி. சில விடியல்களில் வெப்பம் சுழியைத் தொடும், புல்வெளி வெண்மையாகும், தேயிலைக் கொழுந்து கருகும்.

பழந்தமிழருக்கும் இக்குளிர் புதிதன்று. வாடைக் காலத்தில் ‘தடவு’ என்னும் கணப்புச் சட்டியில் நெருப்பிட்டு மக்கள் குளிர்காய்ந்ததை நெடுநல்வாடை பேசுகிறது. மூணாற்றிலோ தீ இரு வடிவங்களில் வந்து சேர்ந்தது. தோட்டம் அமைத்த ஆங்கிலேயர் தம் பங்களாக்களில் சுவரோடு கணப்பும் கூரைக்கு மேலே புகைபோக்கியும் கட்டினர். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து மலையேறிய நம் மக்களுக்குக் கிடைத்தது லயத்து வீடு. அங்கே சமையல் அடுப்பே கணப்பு. கொழுந்து பறித்து நனைந்து திரும்பும் தாய்க்கு வெந்நீரும், பிள்ளைகளுக்குச் சோறும், எல்லாருக்கும் கதகதப்பும் அந்த ஒரே அடுப்பிலிருந்துதான் கிடைக்க வேண்டும். குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் அடைத்தால், புகைபோக்கி இல்லாத வீட்டில் புகையும் குடும்பத்தோடு தங்கிவிடுகிறது. அடுப்பருகே நெடுநேரம் இருக்கும் பெண்களின் கண்ணும் நெஞ்சும் அதற்கு விலை கொடுக்கின்றன.

பங்களாக் கணப்பிலும் ஒரு குறை உண்டு. திறந்த கணப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். கனடா, நார்வே முதலிய நாடுகளில் வாழும் நம் உறவினர் வீடுகளில் இருப்பது மூடிய இரும்புக் கணப்பு. வேண்டிய அளவு காற்றே அதனுள் செல்லும்; விறகு நின்று எரியும்; இரும்புடல் சூடேறி அறையைச் சூடாக்கும்; புகை குழாய் வழியே வெளியேறும். விறகு மட்டும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகும். குழாயில் கரியும் படியும். மூணாற்றில் ‘கிராண்டிஸ்’ என வழங்கும் தைலமர விறகுக்கும் இதுவே விதி.

நல்வழி நம் மாநிலத்திலேயே உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980களில் பரப்பிய ‘பரிஷத் அடுப்பு’ விறகைச் சிக்கனப்படுத்திப் புகையைக் குழாய் வழியே வெளியேற்றியது. விலையுயர்ந்த பொருள் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

விடுமுறையில் குடும்பத்துடன் மலைநாடு செல்லும் அன்பர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கரி எரியும் சட்டியை அடைத்த அறைக்குள் வைத்து உறங்கலாகாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கொடைக்கானலில் இவ்வாறு இறந்தோர் உண்டு.

கணப்பின் சிறப்பு தீயில் மட்டும் இல்லை. புகைக்கு வழி விட்டிருப்பதில் இருக்கிறது. பங்களாவுக்கு அந்த வழியை அன்றே அமைத்தார்கள். நாம் அருந்தும் தேநீருக்குக் கொழுந்து பறிக்கும் கைகள் குளிர்காயும் ஒவ்வொரு வீட்டிலும் அது அமைய வேண்டும்.