மூன்று பட்டைகளும் பதினெட்டு லட்சம் டாலரும்

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவின் தேசிய ஓவியக் கூடத்துக்குச் சொந்தமான ஓவியம் ஒன்று. பெயர் 'நெருப்பின் குரல்'. உயரம் 5.4 மீட்டர், அகலம் 2.4 மீட்டர். மேலிருந்து கீழாக மூன்று பட்டைகள்: இரண்டு பக்கமும் நீலம், நடுவில் சிவப்பு. அவ்வளவுதான். மரம் இல்லை, மனிதன் இல்லை, தேடிப் பார்த்தாலும் நெருப்பு கூட இல்லை!

இதை வரைந்தவர் பார்னெட் நியூமன் என்ற அமெரிக்க ஓவியர். 1967-ல் மான்ட்ரியலில் நடந்த உலகக் கண்காட்சியில், அமெரிக்க அரங்கில் வைப்பதற்காக வரைந்தார். 1989-ல் ஓவியக் கூடம் இதைச் சுமார் 18 லட்சம் கனடிய டாலர் கொடுத்து வாங்கியது. மக்களின் வரிப்பணம். 1990-ல் விஷயம் வெளியே தெரிந்ததும் நாடே கொதித்தது. பண்பாட்டு விவகாரங்களுக்கான நாடாளுமன்றக் குழுவின் தலைவராக இருந்த ஃபீலிக்ஸ் ஹோல்ட்மன், இரண்டு டப்பா பெயின்டும் இரண்டு ரோலரும் கொடுத்தால் பத்து நிமிடத்தில் இதைச் செய்துவிடலாம் என்கிற மாதிரி பேசினார். ஒரு விவசாயி அதே மாதிரி மூன்று பட்டை அடித்து, 'வரி கட்டுபவரின் குரல்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

சிரிப்பு வருகிறது. ஆனால் இந்தக் கோபத்துக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதா? இரண்டு, இதற்கு இவ்வளவு விலை நியாயமா? இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நவீன ஓவியம் பற்றிய சண்டை எப்போதும் முடிவதே இல்லை.

முதல் கேள்விக்கு நல்ல பதில் ஆம்ஸ்டர்டாமில் கிடைத்தது. அங்குள்ள ஸ்டெடலைக் அருங்காட்சியகத்தில் இதே நியூமனின் இன்னொரு பெரிய ஓவியம் இருக்கிறது. ஏறக்குறைய முழுவதும் சிவப்பு, ஓரங்களில் மட்டும் மெல்லியதாக நீலமும் மஞ்சளும். 1986-ல் ஒருவர் அதைக் கத்தியால் கிழித்துவிட்டார். சரிசெய்யும் வேலை அமெரிக்காவில் ஒரு நிபுணரிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்து நிமிடம் அல்ல, நாலு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். 1991-ல் திரும்பி வந்த ஓவியத்தைப் பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். கிழிசல் இல்லை, ஆனால் பழைய ஆழமும் இல்லை. ரோலரை வைத்து மொத்தமாகச் சிவப்பு அடித்துவிட்டார் என்று புகார் கிளம்பி, வழக்கு வரை போனது.

அதாவது, "ரோலரால் அடித்துவிடலாம்" என்ற யோசனைக்குக் கிட்டத்தட்ட ஒரு நேரடிச் சோதனையே நடந்துவிட்டது. வெறும் சிவப்புதானே என்று தோன்றிய இடத்தில் நியூமனின் கை செய்திருந்த வேலை, அது காணாமல் போன பிறகுதான் பலருக்குப் புரிந்தது.

2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் இதையே சொல்கிறது. புகழ்பெற்றவர்களின் அரூப ஓவியங்களையும், குழந்தைகளும் விலங்குகளும் தீட்டியவற்றையும் ஜோடி ஜோடியாக மாணவர்களிடம் காட்டினார்கள். பெயர்களை மாற்றி ஒட்டியபோதும், பத்தில் ஆறு முறைக்கு மேல் ஓவியரின் படத்தையே சிறந்தது என்று தேர்ந்தெடுத்தார்கள். ஆக, வித்தியாசம் இருக்கிறது. ஆனால் மீதி மூன்று, நான்கு முறை ஏமாந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது!

இனி விலை. நியூமன் 1950-லும் 1951-லும் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி வைத்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பல வருஷம் குடும்பத்தை ஓட்டியது ஆசிரியையாக வேலை பார்த்த அவர் மனைவி அனலீதான். 1970-ல் நியூமன் இறந்தார். 2014-ல் அவருடைய ஒரே ஓர் ஓவியம் ஏலத்தில் 8.4 கோடி அமெரிக்க டாலருக்குப் போனது. நடுவில் அந்த ஓவியத்தில் ஒரு துளி வண்ணம் கூடவில்லை. கூடியது பெயர். இறந்த ஓவியர் இனி வரையப் போவதில்லை. நல்ல படங்களில் பல அருங்காட்சியகங்களுக்குள் போய்விட்டன. மிச்சம் இருப்பதற்கு இரண்டு பெரும் பணக்காரர்கள் போட்டி போட்டாலே போதும். இது சந்தையின் கணக்கு, கலையின் கணக்கு அல்ல.

பெயருக்குத்தான் விலை என்பதற்கு இன்னொரு சாட்சி நியூயார்க்கின் நோட்லர் கேலரி. 1846-ல் தொடங்கிய நிறுவனம். ராத்கோ, பொல்லாக் போன்றவர்கள் வரைந்தவை என்று அது விற்ற பல படங்கள் உண்மையில் குவீன்ஸ் பகுதியில் வசித்த, சீனாவிலிருந்து குடியேறிய ஓர் ஓவியர் வரைந்தவை. அவருக்குக் கிடைத்தது படத்துக்குச் சில ஆயிரம் டாலர். மொத்த மோசடியோ சுமார் 8 கோடி டாலர். கேலரி 2011-ல் மூடப்பட்டது. அதுவரை அந்தப் படங்களின் முன் நின்று வியந்தவர்கள் எதை வியந்தார்கள்? வண்ணத்தையா, கையெழுத்தையா? உண்மை தெரிந்த மறுநாள் படங்கள் மாறவில்லை, மதிப்பு மட்டும் காணாமல் போனது.

ஒட்டாவா ஓவியத்தின் இன்றைய மதிப்பு பல கோடி டாலர் என்று சொல்லி, "பார்த்தீர்களா, அன்று வாங்கியது சரிதான்" என்பவர்கள் உண்டு. ரொம்பத் தப்பான வாதம் இது. அருங்காட்சியகம் ஒன்றும் நிலம் வாங்கி விற்கும் புரோக்கர் ஆபீஸ் இல்லை. விலை ஏறியதால் ஓவியம் நல்லதென்றால், நாளை விலை இறங்கினால் மோசமாகிவிடுமா? வாங்கியது சரி என்று சொல்ல வேண்டுமானால் வேறு காரணம் வேண்டும். மூன்று ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்தச் சிவப்பைப் பக்கத்தில் நின்று பார்க்கிற அனுபவம் ஒரு பணக்காரரின் வீட்டுக்குள் அடைபடாமல், சாதாரண மனிதருக்கும் கிடைக்கிறது என்பதுதான் அந்தக் காரணம்.

ஆகவே விலை வேறு, தரம் வேறு. பக்தி இரண்டுக்குமே தேவையில்லை. நின்று பார்த்துவிட்டு "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்று சொல்ல அந்த விவசாயிக்கு முழு உரிமை உண்டு, அவர் பணமும் அதில் இருக்கிறது. அவரை முட்டாள் என்று ஒதுக்குகிற விமர்சகரை விட, இந்த மூன்று பட்டைகளை ஏன் வாங்கினோம் என்று அவருக்குப் புரிகிற மொழியில் பொறுமையாகச் சொல்கிற ஒருவர்தான் நவீன ஓவியத்துக்கு அதிகம் தேவை.