கோஹிமாவில் ஓர் அரிசிக் கணக்கு

நவம்பர் 11, திமாப்பூர்

நாகாலாந்துக்குள் நுழைய வெளி மாநிலத்தார் இன்னர் லைன் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். அதன் நகல்களைப் பையில் எடுத்து வைத்தாயிற்று. நாளை காலை 74 கிலோமீட்டர் மலையேற்றம்.

மாலை ரயில் நிலையத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தோம். 1944-இல் பர்மா எல்லையில் நின்ற பிரிட்டிஷ் பதினான்காம் படைக்கு இந்த ஊர்தான் களஞ்சியம். கிடங்குகள் பதினோரு மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் பரந்து கிடந்தன என்று படைத்தளபதி வில்லியம் ஸ்லிம் எழுதியிருக்கிறார். என் உத்தியோக காலம் முழுவதும் நெல் கொள்முதல் நிலையத்திலும் அரிசிக் கிடங்கிலும் போனது. அதனால் இந்த அளவைப் படித்த நாளிலிருந்து அது மனதை விட்டு அகலவில்லை. கும்பகோணத்தில் அட்டி போட ஆரம்பித்தால் பாபநாசம் தாண்டிப் போகும்.

இந்தக் களஞ்சியத்திலிருந்து மலைக்கு மேலே இம்பாலுக்குப் போகும் சாலை ஒன்றே ஒன்று. அதன் நடுவில் இருப்பது கோஹிமா. இம்பாலைப் பிடிக்க நினைத்த ஜப்பானியத் தளபதி ரென்யா முடகுச்சி, தன் 31-ஆவது டிவிஷனைக் கோஹிமாவுக்கு அனுப்பியதற்குக் காரணம் இதுதான். டிவிஷனை நடத்தி வந்தவர் கோடோகு சாடோ. ஏறத்தாழ 15,000 பேர். 1944 மார்ச் நடுவில் பர்மாவில் ஓடும் சிந்த்வின் ஆற்றைக் கடந்தார்கள். கையில் மூன்று வாரச் சாப்பாடு. கூடவே ஆயிரக்கணக்கில் மாடுகளை ஓட்டி வந்தார்கள். வழியில் அறுத்துச் சாப்பிடலாம் என்பது முடகுச்சியின் திட்டம். ஆற்றிலும் மலைச்சரிவிலும் பெரும்பாலான மாடுகள் செத்துப்போயின.

நவம்பர் 12, கோஹிமா

சாலை பல இடங்களில் வெட்டிப் போட்டுக் கிடக்கிறது. தூசி. மேலே ஏற ஏறக் குளிர். நான்கரை மணிக்கே இருட்டிவிட்டது.

தங்கியிருக்கும் வீட்டில் இரவுக்கு கால்ஹோ கொடுத்தார்கள். அரிசியைக் குழைய விட்டு, கீரையும் புகையில் உலர்த்திய இறைச்சியும் சேர்த்த கஞ்சி. எங்களுக்கு இறைச்சி இல்லாமல் தனியாக வைத்தார்கள். என் மனைவி இரண்டாவது முறை வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 13, கோஹிமா

எட்டு மணிக்கு வழிகாட்டி வந்தார். அங்காமி நாகா, ஐம்பது வயதிருக்கும். போர்க்களம் பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போவதே தொழில். பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருவார்கள், சில சமயம் ஜப்பானிலிருந்தும் என்றார். தமிழ்நாட்டிலிருந்து எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். கிடங்கு வேலையைச் சொன்னேன். “அப்படியானால் உங்களுக்கு நான் மேடுகளின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்” என்றார்.

சாலையோரம் நிறுத்தி, முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கும் மலைமுகட்டைக் கைகாட்டினார். தெற்கிலிருந்து வடக்காக ஜி.பி.டி. முகடு, ஜெயில் மேடு, டி.ஐ.எஸ். மேடு, எஃப்.எஸ்.டி. மேடு, குக்கி பிக்கெட், கடைசியில் காரிசன் மேடு. டி.ஐ.எஸ். என்றால் பொருள் வழங்கும் ஸ்டோர். எஃப்.எஸ்.டி. என்றால் களச் சரக்குக் கிடங்கு. ஜி.பி.டி. சரக்கு வண்டிப் பிரிவு. ராணுவ வரலாற்றில் இத்தனை பெரிதாகப் பேசப்படும் இந்த இடம், சண்டைக்கு முன்னால் பண்டம் இறக்கி, எண்ணி, மேலே அனுப்பும் ஊர். இன்று பெரும்பாலான மேடுகளில் வீடும் கடையும் அலுவலகமுமாக நெருங்கி நிற்கின்றன. அவர் சொல்லாவிட்டால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு மேடாக நிறுத்தி, எங்கிருந்து எங்கே சுட்டார்கள் என்று கையை நீட்டிக் காட்டினார். அந்தத் தூரம் எல்லாம் கூப்பிடு தூரம்தான்.

ஏப்ரல் 4 இரவு ஜப்பானியர் வந்து சேர்ந்தார்கள். முகட்டில் பிரிட்டிஷ் தரப்பில் இருந்தது சுமார் 2,500 பேர்; அவர்களில் ஆயுதம் ஏந்திச் சண்டையிடக் கூடியவர்கள் ஏறத்தாழ 1,500. ராயல் வெஸ்ட் கென்ட் படைப்பிரிவின் நான்காம் பட்டாலியன், அஸ்ஸாம் ரெஜிமென்ட், அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் ஆகியோர் இவர்களில் முக்கியமானவர்கள். தலைமை கர்னல் ஹியூ ரிச்சர்ட்ஸ். இந்த அஸ்ஸாம் ரெஜிமென்ட்டார்தான் அதற்கு முன்பே ஜெஸ்ஸாமி, கராசோம் என்ற எல்லை ஊர்களில் ஜப்பானியரைச் சில நாள் தடுத்து நிறுத்தியவர்கள். அந்த நாள்கள் கிடைத்திராவிட்டால் கோஹிமாவில் தற்காப்பே அமைந்திருக்காது. புத்தகங்கள் இதை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன, அது நியாயமில்லை.

டி.ஐ.எஸ். மேட்டில் ராணுவத்தின் ரொட்டிக் கூடம் இருந்ததாம். செங்கல் அடுப்புகளுக்குள் ஜப்பானியச் சிப்பாய்கள் பதுங்கிச் சுட்டார்கள். ஜான் ஹார்மன் என்ற லான்ஸ் கார்ப்பரல் அங்கே போரிட்டு, ஏப்ரல் 9 அன்று அதே மேட்டில் இறந்தார். விக்டோரியா கிராஸ் பெற்றவர். அவருடைய தந்தை இங்கிலாந்தின் மேற்கே லண்டி என்ற தீவுக்குச் சொந்தக்காரர். தீவுக்கு வாரிசான ஒருவர், சாதாரணச் சிப்பாயாக ரொட்டிக் கூடத்துக்குள் புகுந்திருக்கிறார்.

ஜப்பானியர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று தண்ணீர்க் குழாயைத் துண்டித்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் குறைவு. டெபுடி கமிஷனர் சார்ல்ஸ் பாஸியின் பங்களா அருகே சின்ன ஊற்று ஒன்று கண்ணில் பட்டது. இருட்டில் தவழ்ந்துபோய் நிரப்பி வந்தார்கள். டகோட்டா விமானங்கள் பாராசூட்டில் தண்ணீரும் வெடிமருந்தும் இறக்கின. குறுகிய முகடு ஆனதால் ஒரு பகுதி எதிரி பக்கம் போய் விழுந்தது. இரண்டு மைல் தள்ளி ஜோட்சோமாவில் இருந்த இந்திய பீரங்கிப் படை, இரவும் பகலும் சுட்டு முகட்டைக் காப்பாற்றியது.

டென்னிஸ் மைதானத்துக்குப் பத்தரை மணிக்கு வந்தோம். பாஸியின் பங்களாவைச் சேர்ந்தது. பங்களா இப்போது இல்லை. இப்போதுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளைக் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை 78 அடி. ஒரு பக்கம் ஜப்பானியர், எதிர்ப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை. கையெறி குண்டு எறிந்தே வாரக் கணக்கில் சண்டை. ஏப்ரல் 18-இல் பஞ்சாப் ரெஜிமென்ட் உள்ளே நுழைந்தது. 20-இல் முற்றுகையில் இருந்தவர்களை வெளியே அழைத்துச் சென்றார்கள். மைதானத்தில் சண்டை மே 13 வரை முடியவில்லை. டார்செட் படைப்பிரிவுக்காரர்கள் ஒரு லீ டாங்கியைச் சரிவில் கொண்டுவந்து, மைதானத்திலேயே இறக்கி, பதுங்குகுழிகளை நேருக்கு நேராகச் சுட்டுத் தகர்த்தார்கள்.

அந்தக் கோட்டோரம் நின்று கணக்குப் போட்டேன். ஆளுக்கு அரைக் கிலோ அரிசி என்று வைத்தாலும் 15,000 பேருக்கு நாளொன்றுக்கு ஏழரை டன். எங்கள் கிடங்கில் நாற்பது கிலோ சிப்பம் என்றால் 187½ சிப்பம். அது ஒரு லாரி லோடுக்குள் அடங்கும். தினம் ஒரு லாரி அரிசி இங்கே வந்து சேர்ந்திருந்தால் அந்த டிவிஷன் பட்டினி கிடந்திருக்காது. அவர்கள் வந்த மலைத்தடத்தில் லாரி வராது. மூன்று வாரக் கையிருப்பு தீர்ந்தபின் சாடோ திரும்பத் திரும்பத் தந்தி அடித்துக் கேட்டும் சொல்லும்படியாக எதுவும் வரவில்லை. மேலிடத்து உத்தரவு வரும் முன்பே மே கடைசியில் தன் படையைப் பின்வாங்கச் சொன்னார். பதவியைப் பறித்தார்கள். ராணுவ நீதிமன்றத்தில் நின்று தன் மேலதிகாரிகள் மீது குற்றம் சாட்ட அவர் தயாராக இருந்தார். மனநிலை சரியில்லை என்று சொல்லி அந்த விசாரணையே நடக்காமல் செய்துவிட்டார்கள்.

எதிரிப் படையின் தளபதிதான். அவருடைய ஆள்கள் சீன நாட்டிலும் வேறு இடங்களிலும் என்ன செய்தார்கள் என்பதை அறியாதவனல்ல நான். ஆனாலும் சாப்பாடு இல்லாத ஆளை நிற்கவைத்துச் சாகடிக்க மாட்டேன் என்று மேலிடத்துக்கு எதிராக முடிவெடுத்ததில் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

இம்பால், கோஹிமா இரண்டையும் சேர்த்து இந்தப் படையெடுப்பில் ஜப்பானிய இழப்பு 53,000-க்கும் மேல். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும். மழைக்காலத்தில் சிந்த்வினை நோக்கித் திரும்பிப் போன வழியில் விழுந்தவர்கள் பலர். ஜப்பானியரோடு சேர்ந்து வந்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலிருந்து (ஐ.என்.ஏ.) ஒரு பகுதி கோஹிமாவுக்கு அனுப்பப்பட்டது. அது எட்டும்போது பின்வாங்கல் தொடங்கிவிட்டது. அவர்களும் அதே பட்டினியோடு நடந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குப் பண்டம் கொண்டுபோகவே சயாம் மரண ரயில் பாதை போட்டார்கள். 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரமாயிரமாகக் கொண்டுபோனார்கள். பர்மியர், ஜாவாக்காரர், தமிழர் என்று ஆசியத் தொழிலாளிகளில் மட்டும் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அத்தனை உயிரைக் கொடுத்துப் போட்ட தண்டவாளத்தின் மறுமுனையில், இந்த மலைக்கு ஒரு நாளைக்கு ஒரு லாரி அரிசி வந்து சேரவில்லை. வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் நின்று கேட்டார். தமிழர்களுக்கு அங்கே கல்லறைகள் உண்டா என்றார். பெயர் வெட்டிய கல் எதுவும் பெரும்பாலோருக்கு இல்லை என்றேன்.

மதியத்துக்கு மேல் கல்லறைத் தோட்டம் முழுவதையும் நடந்தோம். படிப்படியாக ஏறும் சரிவில் 1,420 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு; பெரும்பாலானவற்றில் பெயர், வயது. இருபது, இருபத்திரண்டு, பத்தொன்பது. என் மனைவி சில வரிசைகளுக்குப் பிறகு வயதைப் படிப்பதை நிறுத்திவிட்டாள். உச்சியில், தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 917 பேரின் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் கீழே உள்ள புகழ்பெற்ற கல்லோடு நின்றுவிடுகிறது. மேலே ஏறி இந்தப் பெயர்களையும் படிக்க வேண்டும்.

அந்தப் புகழ்பெற்ற கல் பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷனின் நினைவுக்கல். ஓங்கி நிற்கும் ஒற்றைப் பாறை. அதில் வெட்டிய வாசகத்தை உலகம் முழுவதும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பாறை வந்த விதம் முக்கியமாகப் பட்டது. நாகா மக்கள்தான் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அங்காமிகளிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு: களஞ்சியம் நிறைந்த ஒருவன் ஊர் முழுவதையும் அழைத்துச் சோறும் இறைச்சியும் அரிசிக் கள்ளும் கொடுத்து விருந்து வைப்பான். பல படிகளாக அந்த விருந்துகளை முடித்தவனுக்குத்தான் கல் நாட்டும் உரிமை. ஊரார் ஒன்றுகூடி அவனுக்காகக் கல் இழுத்து வருவார்கள். ஊருக்குச் சோறு போட்டவன் பெயரைச் சொல்லும் கல் அது. தங்கள் வீடுகள் எரிந்து கிடந்த சமயத்தில், யாரோ தூர தேசத்துப் பிள்ளைகளுக்காக அதே மரியாதையோடு ஒரு கல்லை இழுத்திருக்கிறார்கள்.

நவம்பர் 14, கோஹிமா கிராமம்

நகரத்துக்கு மேலே இருக்கிறது பழைய கிராமம். படா பஸ்தி என்கிறார்கள். ஜப்பானியர் முதலில் பிடித்த இடங்களில் ஒன்று. பிறகு வாரக் கணக்கில் பீரங்கியும் விமானக் குண்டும் இதன் மேல் விழுந்தன. வழிகாட்டி தன் பெரியப்பா வீட்டுக்கு அழைத்துப் போனார். தொண்ணூறு நெருங்கியவர், போர் நடந்தபோது சிறுவன். அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் தெனிடியே மொழியில் சொல்ல, தம்பி மகன் எங்களுக்குச் சொன்னார்.

முதலில் சிப்பாய்கள் காகிதப் பணம் கொடுத்து அரிசி கேட்டார்களாம். பிறகு பணம் நின்றது, கேட்பதும் நின்றது. நெற்கூடை, பன்றி, கோழி, கடைசியில் உழுமாடு. குடும்பத்தோடு காட்டுக்குள் ஓடினார்கள். ஊர் ஆண்கள் பிரிட்டிஷ் பக்கம் சுமை தூக்கினார்கள், வழி காட்டினார்கள், காயம்பட்டவர்களைச் சரிவில் சுமந்து இறக்கினார்கள். காட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று என் மனைவி கேட்டாள். கிழங்கு, இலை என்றார். ஒரு கிழங்கை நாள் முழுக்க வேகவைத்தால்தான் நாக்கு அரிக்காது என்று கையை அசைத்துக் காட்டினார்.

நான் கேட்க நினைத்தது வேறு. ஏப்ரல் முதல் ஜூன் வரை சண்டை. கீழே தெரியும் படிக்கட்டு வயல்களில் நாற்று விட்டு நடவு செய்யும் காலமும் அதுவே.

“அந்த வருஷம் நடவு நடந்ததா, ஐயா?”

மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் பெரியவர் என்னைப் பார்த்தார். நடவு நடுவது போல் நான் குனிந்து காட்டிய கை அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தங்கள் வயலில் நடக்கவில்லை என்றார். வரப்பு உடைந்து கிடந்தது, வெடிக்காத குண்டு இருக்குமோ என்று யாரும் சேற்றில் கால் வைக்கவில்லை. விதைநெல்லும் தின்னப்பட்டிருந்தது. மழை முடிந்தபின் அவருடைய தாயார் பிறந்த ஊருக்கு நடந்துபோய்க் கூடையில் விதை வாங்கி வந்தார். மறு வருஷம் எந்த ரகம் நட்டார்கள், ஏக்கருக்கு என்ன கண்டது என்றெல்லாம் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.